குறி தவறாத கனவான்கள்

மான் சுடத் துவக்கு தெரிவு செய்யும் கனவான்களைப் பற்றி மலையகத்தில் யாரும் நல்லதாக நாலு வார்த்தை எழுதவில்லை. தேயிலையைப் பற்றி எழுதினார்கள், கங்காணியைப் பற்றி எழுதினார்கள், அட்டைக்கடியைப் பற்றிக்கூட எழுதினார்கள். இந்த ஒரு நன்றிக்கடன் மட்டும் பாக்கி நிற்கிறது. அதைக் கொஸ்லந்தயில் இருந்துகொண்டு தீர்ப்பதுதான் முறை. உலகம் மெச்சிய வேட்டைக்காரத் துரைமார் குதிரை ஓட்டித் திரிந்த பிரதேசம் இது. அவர்களில் தலைமகன் என்று சொல்லத்தக்கவர் இங்கிருந்து ஒரு பஸ் டிக்கட் தூரத்தில், ஹப்புத்தளையில்தான் உயிரை விட்டார். அவரிடம் பிறகு வருவோம். உயிரோடு இருப்பவர்களை முதலில் கவனிப்பது மரியாதை.

துரைமார் விட்டுப்போன பங்களாக்களில் இப்போது நாள் வாடகைக்கு அறை கிடைக்கிறது. ஹூஸ்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ விடுமுறைக்கு வந்த நம்மவர் ஒருவர் விறாந்தையில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருப்பார். ஒரு கையில் தேத்தண்ணி, மறு கையில் கைபேசி. கீழே வெல்லவாய வரைக்கும் சமவெளி விரிந்து கிடக்கும். அவர் அதைப் பார்ப்பதில்லை. திரும்பிப் போனதும் வாங்கவிருக்கும் அரைத்தானியங்கி ரைபிளின் படத்தை விரலால் பெருப்பித்து, அதன் விசை, குழல், கட்டை என்று அங்கம் அங்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மகளுக்கு வந்த சாதகத்தைக்கூட அவர் இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். ஒரு மனிதனுக்கு இத்தனை பொறுமை இருக்கிறது என்பதே நமக்குப் பெருமை.

பொறுமைக்குக் காரணமும் இருக்கிறது. பழைய ரைபிளில் ஒரு வெடி வைத்த பிறகு பூட்டின் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். நாலு வேலை. அரைத்தானியங்கியில் அந்தச் சிரமம் கிடையாது. பெரும்பாலான வகைகளில், வெடித்த தோட்டாவின் புகையிலேயே கொஞ்சத்தைக் குழலில் உள்ள சிறு துளைவழியே திருப்பி, ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளி, வெறுங்கோதைப் பக்கவாட்டில் துப்பிவிட்டு, அடுத்த தோட்டாவைத் துவக்கே ஊட்டிக்கொள்ளும். கனவான் ஒரு விரலை அசைத்தால் போதும். மான்தான் நாலு காலையும் அசைத்தாக வேண்டும்.

தோட்டாவைத் துவக்கே ஊட்டிக்கொள்ளும் வித்தைக்கு வயது நூற்றுக்கு மேல். ஜோன் பிரௌனிங் வடிவமைத்த தானே தோட்டா ஊட்டும் ரைபிளை ரெமிங்டன் கம்பனி 1906இல் விற்பனைக்கு விட்டது. பிறகு அதற்கு மொடல் 8 என்று பெயர் வைத்தார்கள். உள்ளே ஐந்து தோட்டா. 1955இல் அதே கம்பனியின் மொடல் 740 வந்தது, 1967இல் பிரௌனிங் கம்பனியின் “பார்” என்ற ரைபிள் வந்தது. 740இன் தம்பியான 742க்கு, தோட்டா சிக்கிச் சிக்கி நின்றதால், வாங்கியவர்களே கேலிப் பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டும் வாங்கினார்கள். ஐந்து தோட்டா எதற்கு, ஒரு மானுக்கு ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் வேட்டை அறியாதவர்கள். முதல் தோட்டா மானுக்கு. மற்ற நாலும், முதல் தோட்டா படாவிட்டாலும் தாம் நல்ல வேட்டைக்காரர்தான் என்ற மன நிம்மதிக்கு.

சில இடங்களில் சட்டம் மானின் பக்கம் சாய்ந்து கிடப்பது வருத்தத்துக்குரியது. அமெரிக்காவிலேயே பென்சில்வேனியா மாநிலம் அரைத்தானியங்கி ரைபிளோடு மான் காட்டுக்குள் விடுவதில்லை என்று நெடுங்காலமாகப் பிடிவாதம் பிடிக்கிறது. அவுஸ்திரேலியாவில் 1996இலும், மானே தொல்லை விலங்காகிவிட்ட நியூஸிலாந்தில் 2019இலும், மனிதர்கள் கூட்டங்கூட்டமாகச் சுடப்பட்டதும் அரசுகள் பதறிப்போய் இந்த வகைத் துவக்குகளைப் பெரும்பாலும் திரும்ப வாங்கிக்கொண்டன. நம்முடைய அவுஸ்திரேலிய உறவினர் ஒரே ஒரு வெடிக்குப் பிறகு கையை நாலு தடவை அசைத்து அல்லல்படுவதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

துவக்கு தெரிவாகிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அதன் முதுகில் குறிபார்க்கும் குழாயான ஸ்கோப்பைப் பொருத்துவது இருக்கிறதே, அதில்தான் கனவானின் முழு மேன்மையும் வெளிப்படும். துவக்கின் உடம்பில் முன்கூட்டியே துளையிட்டு வைத்திருப்பார்கள். ஓர் அங்குலத்துக்கு 48 புரி ஓடும் சின்னஞ்சிறு திருகாணிகளால் அதில் ஒரு பட்டையை முடுக்க வேண்டும். வீவர் பட்டை என்று ஒன்று, பிக்கட்டினி பட்டை என்று ஒன்று. இரண்டிலும் குறுக்கே பள்ளம் வெட்டியிருக்கும். பிக்கட்டினியில் பள்ளங்கள் சற்று அகலம், இடைவெளியும் பிசகாது. பட்டையின் மேல் இரண்டு வளையம். வளையத்தின் விட்டம் ஓர் அங்குலமா, 30 மில்லிமீட்டரா? உயரம் தாழ்வா, நடுத்தரமா, உயர்வா? உயர்ந்தால் கன்னம் கட்டையில் படியாது. தாழ்ந்தால் முன்கண்ணாடியின் வாய் குழலில் இடிக்கும். கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் மூன்றரை அங்குலமாவது விட வேண்டும். விடாதவர்களைப் புருவத்துக்கு மேல் உள்ள பிறைத் தழும்பை வைத்துக் கண்டுகொள்ளலாம்.

அரைத்தானியங்கியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வெறுங்கோது பக்கவாட்டில் துள்ளி விழும் பாதையில் வளையமோ திருகாணித் தலையோ மறித்து நிற்கக்கூடாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுமந்த காரண்ட் ரைபிளுக்கு எட்டுத் தோட்டாவையும் மேலிருந்து ஊட்ட வேண்டியிருந்தது. அதனால் அதற்கு ஸ்கோப்பை நடுவிலிருந்து இடப்பக்கமாக ஒதுக்கித்தான் பொருத்தினார்கள். மனிதனைச் சுடும் காரியத்தில் அப்படிக் கோணலாக இருந்தால் பாதகமில்லை. மான் விஷயம் அப்படியா?

முடுக்குவதுதான் உச்சம். திருகாணியை எண்ணெய் போகத் துடைத்து, புரியில் நீலப் பசை ஒரு சொட்டு விட்டு, குறுக்குமறுக்காக ஒவ்வொன்றையும் கொஞ்சங் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வளையத் திருகாணி என்றால் அங்குல-இறாத்தல் கணக்கில் பொதுவாக 15க்கும் 20க்கும் நடுவில். கூடினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும், குறைந்தால் வெடி அதிர்வில் நழுவும். அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும் திருப்புளியை இதற்கென்றே விற்கிறார்கள். இரண்டு வளையத்துக்கும் இடையில் 5 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஒன்று மட்டும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகினாலே 100 யார் தூரத்தில் குண்டு ஏறத்தாழ முக்கால் அங்குலம் தள்ளிப் போய்விடும். முக்கால் அங்குலம்! கனவானுக்கு இரவில் தூக்கம் வருமா?

இதையெல்லாம் அவர் பங்களா காவல்காரரிடம் விளக்குவதாக வைத்துக்கொள்வோம். காவல்காரர் கையைக் கட்டிக்கொண்டு முழுதும் கேட்பார்.

“அம்புட்டு நுணுக்கமா முடுக்கணுங்களா தொரே?”

“பின்ன? ஒரு மயிரிழை அசையக்கூடாது தம்பி. மலையையே கொண்டுபோய் மோதினாலும் ஸ்கோப் அசையக்கூடாது.”

“அந்தத் திருப்புளிய நாளைக்கு ஒருக்கா தந்தீங்கன்னா எங்க லயத்துத் தகரத்தையும் முடுக்கிப்புடலாங்க. ஆணி நிக்க மாட்டேங்குது. கல்லத்தான் தூக்கி வச்சிருக்கோம்.”

தம்பி என்று அழைக்கப்பட்ட அவருக்குக் கனவானைவிடப் பத்து வயது கூட இருக்கும். கல் மட்டுமில்லை, தேய்ந்த டயரும் இருக்கிறது. கச்சான் காற்று ஹப்புத்தளைக் கணவாயைத் தாண்டி இறங்கும் மாதங்களில் கொஸ்லந்தப் பக்கத்து லயக் கூரைகளை மேல் வீதியிலிருந்து பார்த்தால், எந்தத் தகரத்தில் எத்தனை கல், எந்தக் கல்லுக்கு அண்டையாக எந்த லொறியின் டயர் என்று கணக்கெடுக்கலாம். காற்றுத் தூக்கும் பக்கத்தில் பெரிய கல், புகை போகும் ஓட்டையை ஒட்டிச் சின்னக் கல். அதுவும் ஒரு பொருத்துமுறைதான். அங்குல-இறாத்தல் கணக்குத் தெரியாத முறை. திருப்புளி மென்மையான கருவி, துருப்பிடித்த தகரத்துக்கெல்லாம் ஆகாது என்று கனவான் அன்பாகச் சொல்லி, அதைத் தோல் பைக்குள் வைத்துவிடுவார். கருவிக்குத் தர வேண்டிய மரியாதை அது.

ஸ்கோப்பே இல்லாமல் சாதித்தவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். சிலோன் ரைபிள் படைப்பிரிவுக்காரர். காலை நேரத்தில் மாவட்டத்தை ஆண்டு, மிச்ச நேரத்தில் அதன் யானைகளைக் குறைத்தார். 1,400க்கு மேல் என்று எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதிய நூலில் பதிந்திருக்கிறார். கப்டன் கால்வே அதில் பாதி சுட்டார், வீதி போட்ட ஸ்கின்னரும் ஏறத்தாழ அவ்வளவு சுட்டார் என்றும் அவரே சொல்கிறார். டெனன்ட் சாதாரண ஆளில்லை, குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். கணக்கில் பிழை விடுகிற அரசாங்கமில்லை அது. யானைத் தலைக்குச் சில ஷில்லிங் சன்மானம் என்று அறிவித்து, 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்குப் பணம் கொடுத்தது. பயிரை யானை மிதித்துவிடக்கூடாது பாருங்கள். மலையகத்தில் அப்போது பயிர் என்றால் கோப்பி. அந்தக் கோப்பியை 1869இல் தொடங்கிய இலைநோய் தின்று தீர்த்தது. அந்தப் பூஞ்சணத்துக்கு யாரும் சன்மானம் அறிவிக்கவில்லை. அதைச் சுட முடியாததால் இருக்கலாம்.

ரோஜர்ஸ் 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். மழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்து வாடிவீட்டு விறாந்தையை விட்டு வெளியே அடி வைத்தபோது என்று கதை. நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையையும் இடி விடவில்லை என்பார்கள் ஊர்க்காரர்கள். யானைக்கு ஆளனுப்பத் தெரியாது, அது வானத்திடம் சொல்லியிருக்கும் என்று பேசுவது அவருடைய நினைவுக்குச் செய்யும் அவமரியாதை. வானத்துக்கும் அன்றைக்குக் குறி நன்றாக அமைந்தது, அவ்வளவுதான் நாம் சொல்லலாம். ஒரே வெடி. அரைத்தானியங்கி தேவைப்படவில்லை.

அடுத்தவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் பண்ணை வைக்க வந்தவர், பின்னாளில் நைல் நதி தேடிப்போய் சேர் பட்டம் வாங்கியவர். அவருக்காக பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் செய்து கொடுத்த ரைபிள் 21 இறாத்தல் எடை. நாலு அவுன்ஸ் குண்டு. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலை ஏற இறங்க ஆள் வைத்திருந்தார். மரை வேட்டைக்கு மட்டும் அவர் துவக்கைத் தொடுவது குறைவு. நாய்க் கூட்டத்தை விட்டுத் துரத்தி, ஓடைக்குள் மடக்கி நிறுத்தி, மரை மூச்சு வாங்கும்போது கத்தியோடு தானே இறங்குவார். துவக்கு வைத்துச் சுட்டால் அது மிருகத்துக்கு அநியாயம் என்ற உயர்ந்த எண்ணம். நாய்க் கூட்டத்தின் பல் ஒரு பக்கம், ஒரு மரை மறுபக்கம், கடைசியில் ஒரு கத்தி: சமமான போட்டி. ஹோர்ட்டன் சமவெளியில் அவர் பெயரில் நீர்வீழ்ச்சியே இருக்கிறது.

பேக்கரின் 1854ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் படித்தால் அவருடைய இளகிய மனம் தெரியும். கில்பக், ஸ்மட், புளூபியர்ட், மெரிமன் என்று நாய்களுக்கெல்லாம் பெயர் உண்டு, குணம் உண்டு, வீர மரணம் உண்டு. எந்த நாய் எந்த மரையின் கொம்பில் குத்துப்பட்டது என்று கண்ணீர் வர எழுதியிருக்கிறார். கூடாரத்தையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனவர்கள் பெரும்பாலும் “கூலிகள்” என்ற ஒரே பெயரைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சிக்கனமான எழுத்தாளர். அவர் சிலோனில் வந்திறங்கியபோது இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பசு மலையேற முடியாமல் செத்தது, வண்டி பள்ளத்தில் உருண்டது, வண்டியை மீட்க அனுப்பிய யானையைக் குதிரைக்காரன் ஓட ஓட விரட்டியதில் அதுவும் செத்தது. மலை அப்போதே ஒரு குறிப்புக் காட்டிப் பார்த்திருக்கிறது.

இவர்களுடைய வாரிசுகளின் பெருந்தன்மைக்கு உச்சம் 1894. சுட்டுச் சுட்டு மிருகம் குறைந்துகொண்டு வருகிறதே என்று தோட்டத் துரைமாரும் வேட்டைக்காரரும் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பது என்ற சங்கடமான கேள்வி எழாதபடி, கட்டுத்துவக்கு வைக்கும் கிராமத்தான் பக்கத்திலேயே இருந்தான். அந்தச் சங்கம் உண்மையிலேயே நாட்டுக்கு நன்மை செய்தது, இன்றும் வேறு பெயரில் செய்கிறது. அதை மறுப்பவன் பொய்யன். யாலக் காட்டில் ஒரு பகுதியை மிருகங்கள் நிம்மதியாக இருக்க ஒதுக்கினார்கள். அதை ஒட்டி இன்னொரு பகுதியை உள்ளூர் வேட்டைக் கனவான்களுக்கென்று ஒதுக்கினார்கள். மிருகம் எந்தப் பக்கம் நிற்பது என்று தானே முடிவு செய்துகொள்ளலாம். முதல் காவலராக நியமித்தவர் எங்கெல்பிரெக்ட் என்ற போயர். தென்னாபிரிக்காவில் பிரித்தானியருக்கு எதிராகத் துவக்குத் தூக்கிப் பிடிபட்டு, நம்முடைய தியத்தலாவை முகாமுக்கு 1900ஐ ஒட்டி வந்து சேர்ந்த கைதிகளில் ஒருவர். அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் போனவர். பகைவனிடமே மானை நம்பி ஒப்படைத்தார்கள் என்றால், தம்முடைய ஆட்களைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெளிவு இருந்திருக்க வேண்டும்!

இன்றைய சட்டம் இன்னும் கனிவானது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. புள்ளிமானையோ மரையையோ சுட்டால் மறியல். கனவான் இதைப் படித்துவிட்டு மெச்சித் தலையசைப்பார். இங்கே சுடக்கூடாது என்பதால்தானே அவர் பத்தாயிரம் மைல் தள்ளி, அனுமதிச் சீட்டு எடுத்து, காலத்தோடு, சட்டத்தோடு சுடுகிறார்.

கொஸ்லந்தயில் இருப்பவனுக்கு அந்தப் பக்குவம் போதாது. இரவில் காட்டுப்பன்றி இறங்கி வீட்டுத்தோட்டத்து மரவள்ளியைத் தோண்டிப் போட்டால் தகரத்தைத் தட்டுகிறான், வெடி கொளுத்துகிறான். அதற்கும் அசையாவிட்டால் சிலர் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு வைக்கிறார்கள். சிலர் கட்டுத்துவக்குக் கட்டுகிறார்கள். பன்றி நெஞ்சு உயரத்தில், அதாவது மனிதன் முழங்கால் உயரத்தில், இரண்டு கவட்டைக் கம்பில் ஒரு இரும்புக் குழாயைக் கட்டி, வெடிமருந்தும் ஈயத்துண்டும் திணித்து, ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே நூலை இழுத்துவிடுவது. அரைத்தானியங்கியில் விசையை அழுத்தவாவது ஒரு விரல் வேண்டும். இதில் ஆளே வேண்டாம். முழுத்தானியங்கி. ஸ்கோப்பும் இல்லை, அதனால் வருவது பன்றியா, விறகு பொறுக்கப் போன பெண்ணா என்று அதற்குத் தெரியாது. கால் போனவர்கள் மொனராகலைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்தபோது நாடே அழுதது. அழவேண்டியதுதான். சுருக்கு வைப்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் கனவானிடமிருந்து கற்றுக்கொள்ளத் தவறிவிட்டான் என்றுதான் சொல்கிறேன். ஒரு மிருகத்தைக் கொல்வதற்கு முன்னால் இருபது தடவை திருகாணியைச் சரிபார்த்திருந்தால் அதற்கு வேட்டைக் கலை என்று பெயர் கிடைத்திருக்கும்.

இனி பார்வை. நல்ல ஸ்கோப் ஒன்றில் எவ்வளவு தெரியும் என்பதைச் சோதிக்கக் கொஸ்லந்தயை விட நல்ல இடம் கிடையாது. தியலும நீர்வீழ்ச்சி வீதியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு நேரே எழுந்து நிற்கிறது, 220 மீட்டர். மான் வேட்டைக்குக் கனவான்கள் குறி வைத்துப் பழகும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான். அடியில் நின்று உச்சியைப் பார்த்தால் மேலே விளிம்பில் நிற்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தெரிவார்கள். நாலைந்து மடங்கு பெருப்பிக்கும் குழாய் போதும்.

அந்தக் குழாயைக் கொஸ்லந்தப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்துச் சரிவின் பக்கமும் திருப்பலாம். ஆனால் அதற்குக் குழாய் தேவைப்பட்டதே இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வெறுங்கண்ணால் பார்த்தே, இந்த லயங்கள் நிற்கும் மண் நிலையற்றது, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று 2005இல் சொன்னார்கள், 2011இல் மறுபடியும் சொன்னார்கள். முக்கால் அங்குலத்துக்காகத் தூக்கம் இழக்கும் பண்பாடு உள்ள தேசத்தில் ஒரு மலையே நகரப்போகிறது என்றால் கேட்கவா வேண்டும்! கம்பனிக்காரர்கள் நிதானம் இழக்கவில்லை. அதிகாரிகள் நிதானம் இழக்கவில்லை. மாற்றுக் காணி யாருடையது, அதை யார் கொடுப்பது என்று ஒவ்வொரு திருகாணியையும் குறுக்குமறுக்காக, கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கிக்கொண்டிருந்தார்கள். கிளிக் சத்தம் வருவதற்குள் 2014 ஒக்டோபர் 29 வந்துவிட்டது. காலை நேரத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது எந்தக் காம்பரா தங்களுடையது என்று காட்ட அடையாளம் ஒன்றும் மிஞ்சவில்லை. தோண்டித் தோண்டிப் பார்த்துவிட்டு, பலரை மண்ணுக்குள்ளேயே விட்டார்கள்.

தப்பியவர்களைப் பூனாகலைப் பக்கம் ஒரு பழைய தேயிலை ஸ்டோருக்குள் குடிவைத்தார்கள். கொழுந்து வாட்டிய இடத்தில் பாய் விரித்து, சீலையை நடுவில் கட்டிச் சுவராக்கிக்கொண்டு இரண்டு வருடம். 2016இல் புது வீடு கிடைத்தது. 2023 மார்ச்சில் அதே பூனாகலையில், கபரகலைத் தோட்டத்தில், மறுபடியும் மண் இறங்கியது. மலையை யாரும் பட்டையும் வளையமும் போட்டு முடுக்கவில்லை என்று குற்றம் சொல்லலாகாது. மலைக்கு 48 புரித் திருகாணி கிடைக்காது.

கனவானோ விறாந்தையில் இருந்து அந்தப் பக்கம் பார்க்க நேர்ந்தால் மனம் வருந்துவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கைபேசியில் படம் எடுத்து உறவினருக்கு அனுப்பவும் செய்வார். பிறகு மூடுபனி இறங்கிவிடும். மூடுபனியில் எந்தக் கண்ணாடி நன்றாக வெளிச்சம் இழுக்கும் என்ற விஷயத்துக்குத் திரும்பிவிடுவார். அவர் சொல்லும் பதில் பிசகாது. விடியலிலும் அந்தியிலும்தான் மான் மேய வரும் என்பதால், துவக்கை விட ஸ்கோப்புக்குக் கூடுதலாகச் செலவழிப்பதே புத்தி என்பார்.

நம் அரசாங்கமும் கனவான்களிடம் நிறையக் கற்றிருக்கிறது. பயிரை அழிக்கும் மிருகம் எத்தனை என்று தெரியாமல் திட்டம் போட முடியாதல்லவா? 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8.00 மணி முதல் 8.05 மணி வரை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணும்படி மக்களுக்கு அறிவித்தார்கள். ஐந்து நிமிடம். ரோஜர்ஸ் 1,400 யானையை எண்ண ஓர் ஆயுளே எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் அந்த நேரம் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிக் கூடையோடு நிற்பார்கள். எண்ணிக்கொண்டிருந்தால் கொழுந்து நிறை குறையும். எண்ணாததால் கொஸ்லந்தக் குரங்குகள் கணக்கில் வராமல் போயிருந்தால் அது குரங்குகளின் துரதிர்ஷ்டம்.

கனவானின் விடுமுறை முடிய இன்னும் ஒரு நாள் இருந்தால் ஓஹியா வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வர வேண்டும். அங்கே ஃபார் இன் என்று ஒரு கட்டடம் நிற்கிறது, தோமஸ் ஃபார் என்ற தோட்டத் துரையின் பெயரில். வேட்டைக்குப் போகும் துரைமார் தங்கி, நாயைக் கட்டி, சப்பாத்தைக் காயவைத்த இடம். இப்போது வருகையாளர் நிலையம். அதன் முன்னால் வான் நிறுத்தும் இடத்தில் ஆண் மரைகள் நின்றுகொண்டிருக்கும். பேக்கர் பார்த்திருந்தால் நெஞ்சு அடைத்திருக்கும் அளவுக்குக் கொம்பு. உணவு கொடுக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள், ஆட்கள் கொடுக்கிறார்கள். கொம்பை ஒரு பக்கம் சரித்து மூக்கை வான் ஜன்னலுக்குள் நீட்டி பிஸ்கட் பக்கெட்டை மோந்து பார்க்கும். கனவானின் மடிக்கும் அதன் மூக்குக்கும் நடுவில் ஒரு முழம்கூட இராது. அந்தத் தூரத்துக்குத் தாழ்வான வளையம் சரிவருமா, நடுத்தரமா என்று அவர் கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.